கணுவில் ஈரம்

கடப்பாறையைச் சோளத்தட்டுப் போருக்குள் இறக்கியாகிவிட்டது. முக்கால்வாசி உள்ளே, ஒரு முழம் வெளியே. இனி மூன்று மணிக்குக் கரண்ட் வர வேண்டும், கிணற்று மோட்டார் தானாக ஓட வேண்டும், அந்தச் சத்தம் கேட்டதும் உருவிப் பார்க்க வேண்டும். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும். சென்னியப்பனுக்கு உட்காரத் தெரியாது. எழுபத்து மூன்று வயதில் அதைக் கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனாலும் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார், எழுந்தார், கடப்பாறையின் வெளிமுனையைத் தொட்டார், வெயில் சூடு, இது கணக்கில் சேராது, மறுபடி உட்கார்ந்தார். உள்ளே சூடு இருந்தால் இரும்பு அதை வாங்கிக்கொள்ளும். உருவின இரும்பைக் கையில் பிடிக்க முடிந்தால் போர் நிற்கட்டும். பிடிக்க முடியாவிட்டால் இன்றைக்கே பிரித்தாக வேண்டும், ஒரு கத்தை விடாமல். இல்லாவிட்டால் வெளியிலிருந்து யாரும் தீ வைக்க வேண்டாம், அதுவே உள்ளுக்குள் வெந்து வெந்து ஒரு நாள் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் சட்டம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எப்படி ஓட்டுவது. ஒன்றரை ஏக்கர் சோளத்தட்டு. தானியத்துக்கு விதைத்ததல்ல, மாட்டுக்கென்றே நெருக்கி விதைத்து, விரல் மொத்தம் தண்டு ஏறுவதற்குள், பூவெடுக்கும் பக்குவத்தில் அறுத்தது. இலை பச்சை மாறாமல் காய்ந்திருந்தது. வைக்கோல் மாதிரி வெளுத்துப் போகவில்லை. இரண்டு கறவை மாடு, ஒரு கிடாரி, மூன்றுக்கும் ஆடி வரைக்கும் இதுதான் சோறு. போட்ட இடமும் மாடு கட்டும் சாளையிலிருந்து ஆறே எட்டு நடைதான். அள்ளிப் போடச் சுலபம் என்று அவர்தான் இந்த வருசம் போரைக் கிட்டத்தில் கொண்டுவந்தார். ஆறு எட்டு. இப்போது எண்ணிப் பார்த்தால் ஐந்தரை.

மணம் வருகிறது. மூன்று நாளாகவே வருகிறது. முதல் நாள் வந்தபோது நல்ல மணமென்று நினைத்தார், மூக்கை விரித்து இழுத்துக்கூடப் பார்த்தார், தட்டு பக்குவமாய் இருக்கிறது, மாடு அடித்துக்கொண்டு தின்னும் என்று. புகையிலைக் கட்டைப் பிரித்த மாதிரி, வெல்லப்பாகு அடிப்பிடிக்கப் போகிற மாதிரி. காய்ந்த தட்டுக்கு அப்படி மணம் ஏது. காய்ந்த தட்டுக்குத் தூசி மணம். தெரியாதா. தெரியும். தெரிந்ததை எங்கே வைத்திருந்தோம். பூனையைச் சொல்ல வேண்டும். அடுப்படிச் சாம்பலில் சுருண்டு கிடக்கிற பூனை நாலு நாளாக விடிகாலையில் போர் உச்சியில் படுத்துக் கிடக்கிறது. பெரிய ஜமீந்தாரிணி, மெத்தை கேட்குது என்று சிரித்தார். மாசி மாதப் பனியில் ஒரு பூனை அடுப்பை விட்டுவிட்டு வெட்டவெளியில் எதற்குப் படுக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. நேற்று விடியும்போது உச்சியில் லேசாக ஆவி மாதிரி. பனி எழும்புகிறது என்றார் தனக்குத்தானே. பனி எழும்புமா, இறங்கும். இறங்குவதுதான் பனி. போன வியாழக்கிழமை மேகம் கட்டியது, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். கிழக்கே ஈயப் பாத்திரம் மாதிரி மூட்டம். அறுத்துப் போட்டு எட்டு நாள் ஆகியிருந்தது, இரண்டு தரம் புரட்டியாகிவிட்டது, கத்தை கட்டி நிறுத்தியாகிவிட்டது. இலையைக் கையில் நொறுக்கிப் பார்த்தார், அப்பளம் மாதிரி நொறுங்கியது. காய்ந்த தட்டின் மேல் மழை விழுந்தால் குப்பைக்குத்தான் ஆகும். ஆளைக் கூப்பிட்டார், போர் போடுங்கடா என்றார். அப்போதுதான் பெண்டாட்டி பாவாத்தாள் வந்து நின்றாள். இரண்டு நாள் போகட்டுங்க, கணு காயலீங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தை தூக்கிக்கொண்டு நாலு ஆள் நிற்கிறார்கள், மேகம் தலைக்கு மேலே வருகிறது, இவள் கணு என்கிறாள். உனக்குத் தின்னப் பல்லு இல்லைன்னு மாட்டையும் பட்டினி போடச் சொல்றயா என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாவாத்தாளுக்கு மார்கழியில்தான் டவுன் பல் டாக்டர் ஆடின பல்லெல்லாம் பிடுங்கியிருந்தார், மேலே கீழே ஒன்றும் பாக்கியில்லை, புதுப்பல் செட்டு வர இன்னும் ஒரு மாதம் என்று சொல்லியிருந்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேகம் ஒரு சொட்டுப் போடாமல் மேற்கே போய்விட்டது. ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு விழுந்திருந்தால்கூட அவர் பக்கம் நியாயம் இருந்திருக்கும். ஆறு நாளாயிற்று அவள் முகம் பார்த்துப் பேசி. சோறு வெச்சிருக்கு. தண்ணி சூடாயிருச்சு. போன் அடிக்குது. யாரிடமோ சொல்வது மாதிரி சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். அவர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார். இல்லாததையா சொன்னார்.

கணு. எங்கிருந்து கண்டுபிடித்தாள் கணுவை. சோளக்காட்டுக்குள் அன்றைக்கு அவள் இறங்கவே இல்லை. இல்லை, இறங்கினாள். காலையில் வரப்போரம் நின்று ஒரு தட்டை உருவி வாயில் வைத்தாள், ஈறில் அழுத்திப் பார்த்தாள், எடுத்துவிட்டாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாவம், பழக்கம் விடவில்லை, கரும்புக்காரிக்குப் பல் போயும் ஆசை போகவில்லை என்று நினைத்தார். கரும்புக்காரி. அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். எந்த வருசம், கல்யாணமான மறு மாசி, அவருக்கு இருபத்தைந்து, அவளுக்குப் பத்தொன்பது. கைநிறையக் கண்ணாடி வளையல். தட்டு போர் போடும் அன்று அவளைக் கத்தை எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள். அவள் எடுத்துக் கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு கத்தையிலும் ஒரு தட்டை உருவுவாள், சுருக்கென்று ஒரு கடி, ஒரு மெல்லல், திரும்பித் தோளுக்குப் பின்னால் துப்புவாள். பிறகுதான் கத்தை மேலே வரும். அவர் போர் மேல் நின்றுகொண்டு, வரிசை கட்டுவதை விட்டுவிட்டு, அந்தக் கடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பல். சோளமுத்து நிறுத்தின மாதிரி. வெயிலில் அவள் உதட்டோரம் தட்டுச் சாறு மினுங்கியது. காது ஜிமிக்கி ஆடியது. போர் போட்டு முடிக்கும்போது அந்தி, கழுத்தெல்லாம் சுணை, குளித்தும் போகவில்லை, அரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள், அவள் கை வளையலை முழங்கை வரை தள்ளிவிட்டுச் சொறிந்துகொண்டே சிரித்தாள். மாட்டுக்குக் கொஞ்சம் மீதி வெச்சயா, எல்லாத்தையும் நீயே தின்னு தீத்துட்டயா என்று கேட்டார். அன்றைக்கு வந்த பெயர். அப்புறம் வருசா வருசம், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடித்தாள், மசக்கையில் கடித்தாள், மாமனார் செத்த வருசம் வெள்ளைச்சேலை கட்டின கூட்டம் வீட்டில் இருக்கும்போதே ஒரு நடை வந்து கடித்துவிட்டுப் போனாள். தின்னட்டும். அதில் அவருக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு இடித்தது வேறு. கடித்துப் பார்த்ததில் சில கத்தையைப் போருக்குக் கொடுக்காமல் தனியாகச் சாய்த்து வைப்பாள். பத்துக் கத்தை, பதினைந்து கத்தை. நாலு நாள் காயவிட்டு அதைத்தான் முதலில் மாட்டுக்குப் போடுவாள். எந்த மாட்டுக்கு. அவள் அப்பன் வீட்டிலிருந்து கல்யாணச் சீராக ஓட்டிவந்த செவலைக்கு. அவர் கண்ணால் பார்த்தார். இனிப்பான கத்தையாகப் பொறுக்கித் தன் பொறந்த வீட்டு மாட்டுக்கு ஒதுக்குகிறாள், நம்ம மாடு நாலும் சக்கையைத் தின்ன வேண்டும். மூன்றாம் வருசம் கேட்டேவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆமாங்க, எங்கப்பன் ஊட்டு மாட்டுக்குத்தானுங்க என்றாள். ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டவளிடம் மேலே என்ன சண்டை போடுவது. பெண்பிள்ளை, பிறந்த வீட்டு ஆசை, போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்ததை உள்ளுக்குள் வைத்துக்கொண்டார். செவலை செத்து முப்பது வருசம் ஆகிறது.

செவலை செத்த பிறகு யாருக்கு ஒதுக்கினாள்.

இந்த இடத்தில் ஏதோ மாட்டுகிறது. முள் தைத்த வேட்டியை இழுக்கிற மாதிரி, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நடக்க முடியாது. ஒதுக்கினாளே. போன வருசமும் ஒதுக்கினாள், எட்டுக் கத்தை, வேப்பமரத்தில் சாய்த்திருந்தது, அவர்தான் தடுக்கி விழப்பார்த்துத் திட்டினார். பொறந்த வீட்டு மாடு இல்லாமல் யாருக்கு. தலையை உதறிக்கொண்டார். மணி என்ன. வெயில் சாளைக் கூரையின் நடு முகட்டைத் தாண்டவில்லை, இரண்டரை இருக்கும். ரோட்டில் மொபெட் சத்தம் கேட்டு நின்றது. கிட்டுசாமி. பக்கத்துத் தோட்டத்துக்காரன், அம்பத்தைந்து வயது, எதற்கும் ஒரு நையாண்டி வைத்திருப்பவன். ஏனுங் மாமா, கருப்பட்டி காச்சறீங்களா, வாசம் ரோட்டு வரைக்கும் வருதுங்க என்று கேட்டுக்கொண்டே வந்தான். வந்தவன் கடப்பாறையைப் பார்த்தான். போரைச் சுற்றி ஒரு நடை போனான், சாளையைப் பார்த்தான், போரைப் பார்த்தான், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மண்ணைப் பார்த்தான். நையாண்டி பண்ணித் தொலைத்திருந்தால் தேவலை. அவன் போர் எரிந்து பன்னிரண்டு வருசம். அந்த மத்தியானமும் இப்படித்தான் சும்மா இருந்தது. ஒரு புகையில்லை, ஒரு பொறியில்லை, பள்ளம் விழுந்த மாதிரி போரின் நடு உட்கார்ந்தது, அடுத்த நிமிசம் உள்ளிருந்து சிவப்பாய் ஒன்று மேலே வந்தது. சாளையில் கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்க்கக் கிட்டுசாமி ஓடினான், கயிறு முடிச்சு இறுகிப்போய் வரவில்லை, அரிவாள் வீட்டில். சென்னியப்பன் அவனை இடுப்போடு பிடித்து வெளியே இழுத்தார். அந்தக் கன்று கத்தினதைப் பற்றி இரண்டு பேரும் இன்றுவரை பேசினதில்லை. அதன் பிறகுதான் இந்தப் பக்கம் எல்லோரும் கம்பி விட்டுப் பார்க்கப் பழகினார்கள். கிட்டுசாமி கிளம்பும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “பிரிக்கறதுன்னா தண்ணிய வெச்சுட்டுப் பிரிங்க மாமா. காத்து உள்ள போனா சட்டுனு புடிச்சுக்கும். மாட்ட மொதல்ல அவுத்துப் போட்டுருங்க.” ஆள் வேண்டுமானால் ஒரு போன் போடச் சொன்னான். அவர் ம் என்றார். மொபெட் போன பிறகு எழுந்து போய் மூன்று மாட்டையும் அவிழ்த்துக் கிழக்கே புளியமரத்தில் கட்டினார். சும்மாதான். ஒரு காத்தாட. கிடாரி மூக்கைத் தூக்கிப் போர்ப் பக்கம் மோந்தது.

கல்லில் மறுபடி உட்கார்ந்தபோது மூத்த பெண்ணின் பிரசவம் நினைப்பில் வந்தது. எதற்கு இப்போது. பாவாத்தாள் பிரசவம் பார்க்க மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்த மாசி அது. அந்த வருசப் போர் நடுவில் கருத்துப் பூத்துப்போயிற்று, கையை விட்டால் சாம்பல் மாதிரி பூசணத் தூள் பறந்து இருமல் வந்தது, மாடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. விதை சரியில்லை என்று முடிவு கட்டி விதைக் கடைக்காரனோடு சண்டைக்குப் போனார். இன்னொரு வருசம். அவளுக்குச் சின்னம்மை போட்டு வேப்பிலையில் கிடந்த வருசம். அதுவும் நடுவில் கருப்பு. அந்தத் தரம் யாரைத் திட்டினார், மழையை. நாற்பத்தெட்டு வருசத்தில் இரண்டே இரண்டு போர் கெட்டது. இரண்டிலும் அவள் இல்லை. அவளை விட்டால் வேறென்ன இல்லை. கடி இல்லை. துப்பல் இல்லை. ஒதுக்கி வைத்த கத்தை இல்லை. எல்லாம் உள்ளே போனது. இந்த வருசமும் எல்லாம் உள்ளே போயிருக்கிறது. ஆள் இருக்கிறாள், பல் இல்லை. ஆமாங்க, எங்கப்பன் ஊட்டு மாட்டுக்குத்தானுங்க. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது. நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. வளையல் வருகிறது, ஜிமிக்கி வருகிறது, முகம் மட்டும் வரவில்லை. அவர் முகத்தையா பார்த்தார். குரல் வருகிறது. பத்தொன்பதும் மூன்றும் இருபத்திரண்டு வயசுக் குரல். அதில் ஒப்புக்கொள்ளல் இருந்ததா. சந்தேகப்பட்ட ஆளுக்கு அவன் கேட்ட பதிலையே எடுத்துக் கொடுத்துவிட்டு, இந்தா வெச்சுக்க என்று போன குரல் அது. நாற்பத்தைந்து வருசம் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய மனசோடு மன்னித்துவேறு வைத்திருந்தார். சே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன. சொன்னாளே வியாழக்கிழமை. கணு காயலீங்க. சொன்னதற்கு நாலு பேர் சிரித்தார்கள். எழுந்தார். கடப்பாறையை இப்போதே உருவிவிடலாமா. இன்னும் நேரம் ஆகவில்லை, சரியாகக் காட்டாது. சரியாகக் காட்டாவிட்டால் நல்லதுதானே. நல்லதா. ஐந்தரை எட்டு. வேண்டாம், உட்கார். போர் சும்மா நிற்கிறது. சும்மா நிற்பதைப் போலப் பயங்கரம் வேறில்லை. வெளியே தட்டின் நுனி ஒவ்வொன்றும் பச்சை மாறாமல், கலியாணத்துக்குச் சீவி விட்ட மாதிரி. யார் பார்த்தாலும் அசல் போர் என்பார்கள். சூடு நெஞ்சுக்குள் இருக்கிறது, முகத்தில் ஒன்றும் தெரியாது. நேற்று அவளும் இப்படித்தான் சோறு போட்டாள்.

மோட்டார் ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, கடப்பாறையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். ஒரு முழம் வந்தது. இரண்டு முழம். முனையோடு ஒரு மூச்சு வந்தது, ஈரமாய், வெதுவெதுவென்று, மாட்டின் வாய்க்காற்று மாதிரி. உருவி நிமிர்த்தி, உள்ளேயிருந்த பாகத்தை வலது கையால் பிடித்தார். பிடிக்க முடிந்தால் போர் நிற்கட்டும். பிடித்தார். பிடிக்க முடிகிறது. எண்ணினார். ஒன்று, இரண்டு. முடிகிறது என்றால் முடிகிறது. மூன்று. கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு. முடிகிறது, போர் நிற்கட்டும், யாரும் ஒன்றும்—

“கைய உடுங்க.”

பின்னால் பாவாத்தாள் நின்றாள். தொட்டியிலிருந்து தண்ணீர் ஓஸ் குழாயை இழுத்து வந்திருந்தாள், அதன் வாயிலிருந்து தண்ணீர் அவள் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து அங்கே நின்றாளோ.

“உடுங்கன்னா.”

விட்டார். கடப்பாறை மண்ணில் விழுந்தது. அவள் அவர் கையைப் பிடித்து விரித்துத் தண்ணீருக்குக் கீழே வைத்தாள், குழந்தைக்குக் கழுவுகிற மாதிரி. பிறகு போரின் ஓரக் கத்தையிலிருந்து ஒரு தட்டை உருவி அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“கடிங்க.”

அவர் நடுத்தண்டில் பல்லை வைத்தார்.

“அங்கல்ல. கணுவுல.”

கணுவில் கடித்தார். அவருக்கு ஒன்பது பல் பாக்கி, அதில் நாலு எதிரும் புதிருமாகச் சேரும். தட்டு நறநறவென்று வெடித்தது, பிறகு நடுவிலிருந்து கொஞ்சமாய், நாக்கின் ஓரத்தில் மட்டும், ஊறியது. இத்தனை வருசத்தில் அவர் ஒரு தட்டைக் கடித்ததில்லை.

“இனிக்குதுங்களா?”

“ம்.”

“இனிச்சா காயலைன்னு அர்த்தமுங்க. சப்புனு இருந்தாத்தான் போருக்கு.”

அவர் மென்றதைத் துப்பவில்லை. வைத்துக்கொண்டே நின்றார். செவலை, என்று ஆரம்பித்தார்.

“அது எங்கப்பன் ஊட்டு மாடுங்களே” என்றாள். முந்தானையால் வாயை மூட மறந்துவிட்டாள். ஈறு முழுக்கத் தெரிந்தது, ரோஸ் நிறமாக, ஒரு பல் இல்லாமல், அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

கிட்டுசாமிக்குப் போன் போட்டார். ஆளோடு வா என்றார், வைத்துவிட்டார். அவன் வரும் வரை காத்திருக்க அவருக்கு எப்படித் தெரியும். ஏணியைச் சாய்த்து உச்சியில் படுத்திருந்த பூனையை விரட்டிவிட்டு மேல் வரிசையைத் தளர்த்தினார், அவள் ஓஸைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். ஒவ்வொரு கத்தையிலிருந்தும் ஒரு தட்டை உருவிக் கணுவில் கடித்தார். இனித்தது. இடது பக்கம் போட்டார். இனித்தது. இடது பக்கம். மூன்றாவதும் இனித்தது, தாடை வலித்தது, தோளுக்குப் பின்னால் துப்பினார், சாறு வேட்டியிலேயே விழுந்தது. கீழேயிருந்து, அப்படியில்லீங்க, தலையைத் திருப்பித் துப்பணும் என்றாள். ஆறாவது கத்தை. கடித்தார். மென்றார். காகிதம் மாதிரி இருந்தது, ஒன்றுமே இல்லை, வாய் நிறைய ஒன்றுமே இல்லை. இன்னொரு தரம் மென்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

“சப்புனு இருக்குது புள்ள” என்றார்.

“அதை வலது பக்கம் வையுங்க” என்றாள், அவரைப் பார்த்து.